சூடேறினால் ஸ்டார்ட் எடுக்காத டீசல் வேன்

விடியக் காலையில் ஹேவாஹெட்டக் குளிரில் ஹீட்டரைக் கொஞ்சம் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் அரைச் சுற்றிலேயே எடுத்துவிடும். மாரஸ்ஸன, தலாத்துஓயா, அம்பிட்டிய என்று வளைந்து வளைந்து இறங்கிக் கண்டிக்குப் போய்ச் சேரும்வரை ஒரு குறையும் இருக்காது. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, மருந்தை வாங்கிக்கொண்டு கால் மணி நேரத்தில் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல எடுக்கும்.

பழைய டீசல் வேனோ, காரோ, சின்ன லொறியோ வைத்திருக்கும் நம் பக்கத்து ஆட்கள் பலருக்கு இது தெரிந்த கதைதான். எங்கள் வேனிலும் இதே தொல்லை வந்தது. அதைத் தேடிக் கண்டுபிடித்த வழியை ஆரம்பத்திலிருந்து எழுதி வைக்கிறேன். காரணம் ஒன்றுதான்: இந்தக் குறைக்குத்தான் ஆட்கள் அதிகமாகத் தேவையில்லாத சாமான் வாங்கிப் போடுகிறார்கள். முதலில் புதுப் பற்றரி, அதற்குப் பிறகு ஹீட்டர் பிளக், அதற்குப் பிறகு செல்ஃப் மோட்டர். கடைசியில் வேனையே வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். குறை அப்படியே அடுத்தவர் வீட்டு வாசலுக்குப் போகிறது.

நம் நாட்டில் பழைய வாகனத்தைக் கைவிடுவதும் லேசான காரியமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனை வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். நடுவில் 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபாவுக்குப் போனது. பஞ்சிகாவத்தையில் விற்கும் ஒவ்வொரு ஸ்பெயார் பார்ட்டின் விலையும் அதோடு சேர்ந்து ஏறியது. ஆகவே முப்பது வருடம் ஓடிய டொல்பினும் லைட் ஏஸும் இன்னும் நம் ரோட்டில் ஓடுகின்றன, இன்னும் பல காலம் ஓடத்தான் போகின்றன. அவற்றைச் சரியாகப் பார்த்துக்கொள்ளத் தெரிந்திருப்பது இங்கே வயிற்றுப்பாட்டோடு சேர்ந்த விஷயம்.

முதல் கேள்வி: சூடு எதை மாற்றியது?

எங்கள் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கும் நானா ஒருவர் இருக்கிறார். டீசல் எஞ்சினோடு நரைத்துப்போன மனிதர். நான் வேனைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, “நானா, ஹீட்டர் பிளக் போயிருக்குமோ?” என்று கேட்டேன்.

“காலையில குளிர்ல எடுக்குதா தம்பி?”

“எடுக்குது நானா. அரைச் சுத்துதான்.”

“அப்ப குளிருக்கு வேண்டிய சாமான் எல்லாம் வேலை செய்யுது. சூடாகினதும் எது மாறுதுன்னு பாருங்க. அத விட்டுட்டு வேற எதையும் தொட வேணாம்.”

இந்தப் பதிவு முழுவதும் அந்தப் பேச்சின் விரிவுதான். எஞ்சின் சூடேறும்போது மாறும் விஷயங்கள் நாலுதான். டீசல் இளகி நீர்த்துப் போகிறது. செல்ஃப் மோட்டரிலும் சொலினோயிட்டிலும் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை ஏறுகிறது. ரப்பர் குழாய்களும் சீல்களும் நெகிழ்கின்றன. நாலாவது, பல வாகனங்களில் தண்ணீர் சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் எடுக்க உதவும் ஹீட்டர் பிளக் வேலை செய்யாது, அல்லது ஒரு நொடியில் அணைந்துவிடும். குறை இந்த நாலுக்குள் எங்கோதான் இருக்கிறது.

வேனை நிறுத்திய பிறகுதான் சூடு உச்சத்துக்குப் போகிறது என்பதையும் மனதில் வையுங்கள். ஓடும்போது காற்றும் தண்ணீரும் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். எஞ்சினை நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். இரும்புக்குள் இருக்கும் சூடு மெல்ல மெல்ல வெளியே உள்ள பம்புக்கும் குழாய்க்கும் செல்ஃபுக்கும் ஏறும். அதனால்தான் நிறுத்திய கையோடு எடுக்கும் வேன், பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து எடுக்க மறுக்கிறது. சீற்றுக்கு அடியில் எஞ்சின் இருக்கும் வேன்களில் இது இன்னும் கடுமை. பெட்டி போட்டு மூடிய இடத்தில் சூடு போக வழியில்லை.

சாமான் கழற்றுவதற்கு முன் காதும் கண்ணும்

டீசல் எஞ்சினில் பற்றவைக்கும் பிளக் கிடையாது. ஜெர்மன்காரரான ருடோல்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டிய முதல் எஞ்சினிலிருந்து இன்றுவரை அடிப்படை ஒன்றே. காற்றை இறுக்கி அமுக்கினால் அது சுடும். அந்தச் சூட்டுக் காற்றில் டீசலைத் தூவினால் தானாகவே பற்றும். பழைய ஜப்பான் டீசல்களில் காற்றை இருபது மடங்குக்கும் மேலே அமுக்குகிறார்கள். ஆகவே ஸ்டார்ட் எடுக்க மூன்றே மூன்று வேண்டும்: போதுமான வேகத்தில் சுற்ற வேண்டும், காற்று நன்றாக அமுங்க வேண்டும், டீசல் சரியான அழுத்தத்தில் தூவப்பட வேண்டும்.

இதில் எது இல்லை என்பதை ஒரு ஆணியும் கழற்றாமல் பாதி தெரிந்துகொள்ளலாம். குறை வந்த நேரத்திலேயே, அந்தச் சூட்டிலேயே, ஒருவர் சாவியைத் திருப்ப இன்னொருவர் பின்னால் சைலன்சர் வாயைப் பார்க்க வேண்டும்.

செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் சந்தேகம் மின்சாரப் பக்கம். காலையில் சுற்றும் அதே வேகத்தில் சுற்றியும் எடுக்காவிட்டால் சந்தேகம் டீசல் பக்கம் போகிறது. சைலன்சரில் வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் சரியாக எரியவில்லை. புகையே இல்லாவிட்டால் டீசல் போகவே இல்லை, அல்லது தூவும் அளவுக்கு அழுத்தம் இல்லை. எங்கள் வேனில் செல்ஃப் நன்றாகச் சுற்றியது. புகை மட்டும் துளியும் இல்லை. தேடலில் பாதி அங்கேயே முடிந்தது.

செல்ஃபும் ஏர்த் வயரும்

உங்கள் வேனில் சுற்று மெதுவாக இருந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் செலவு குறைந்தது இதுதான். செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். செல்ஃப் மோட்டர் 60 பாகை கூடுதலாகச் சூடேறினால் தடை கால்வாசிக்குக் கிட்ட ஏறிவிடும். நல்ல செல்ஃப் இதைத் தாங்கும். புஷ் தேய்ந்து, கார்பன் குறைந்து, சொலினோயிட்டுக்குள் செம்புத் தட்டு கருகிய செல்ஃப் தாங்காது.

ஒரு மல்டிமீற்றர் போதும். சூட்டில் சாவியைத் திருப்பும்போது பற்றரியின் இரண்டு முனையிலும் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பற்றரி பலவீனம், அல்லது செல்ஃப் அளவுக்கு மீறி இழுக்கிறது. பற்றரியில் வோல்ட் நன்றாக இருந்தும் சுற்று மெதுவாக இருந்தால் மீற்றரின் ஒரு கம்பியைப் பற்றரியின் மைனஸ் முனையிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வையுங்கள். சுற்றும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் வயர்தான் குற்றவாளி. மழையும் பனியும் மண்ணும் படும் நம் பக்கத்து வாகனங்களில் இந்த வயரின் முனை பச்சை பிடித்துப்போய்க் கிடப்பது சாதாரணம். கழற்றித் தேய்த்து இறுக்கிப் போட்டால் புதுச் செல்ஃப் வாங்கிய பலன் கிடைக்கும்.

டீசல் வருகிறதா, காற்று வருகிறதா

சுற்று நன்றாக இருந்து புகை இல்லாவிட்டால் டீசல் பம்பின் தலையில் உள்ள கட் ஓஃப் சொலினோயிட்டைப் பாருங்கள். சாவியை ஓன் பண்ணியதும் ‘டிக்’ என்று சத்தம் கேட்க வேண்டும். அதுதான் டீசலுக்கு வழி திறக்கும் சத்தம். சில சொலினோயிட்டுகளின் சுருள் சூட்டில் மட்டும் விட்டுப்போகும், ஆறினதும் ஒட்டிக்கொள்ளும். ஆறின வேனில் இதைச் சோதித்துப் பயனில்லை. குறை வந்த நிமிடத்திலேயே சத்தத்தைக் கேட்க வேண்டும். சத்தம் இல்லாவிட்டால் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று டெஸ்ட் லாம்பால் பார்க்க வேண்டும். மின்சாரம் வந்தும் சத்தம் இல்லையென்றால் சொலினோயிட் போய்விட்டது. பம்பைத் தொட வேண்டியதில்லை.

அடுத்தது காற்று. பில்டருக்கு மேலே உள்ள கைப் பம்ப், அதன் சீல், தண்ணீர் காட்டும் சென்சரின் வளையம், நொஸில்களுக்கு நடுவே போகும் மெல்லிய திரும்புகுழாய் ஆகிய எல்லாம் வயதானால் டீசலை வெளியே விடாமலேயே காற்றை உள்ளே விடும். பம்புக்குப் போகும் குழாயில் ஒரு துண்டு ஒளி ஊடுருவும் குழாயைப் போட்டால் குமிழி கண்ணுக்கே தெரியும். ஆனால் காற்றுக் குறைக்கு ஒரு குணம் உண்டு: அது நீண்ட நேரம் நின்ற வாகனத்தைத்தான் அதிகம் படுத்தும். இரவு முழுக்க நிற்கும்போது டீசல் தாங்கிக்கு இறங்கிவிடும்; காலையில்தான் பாடாய்ப் படுத்தும். மேட்டைப் பார்த்து நிறுத்தினால் இன்னும் மோசமாகும். காலையில் அரைச் சுற்றில் எடுத்து, கால் மணி நேரச் சூட்டில் மட்டும் மறுக்கும் வேனில் காற்றுக்கான வாய்ப்பு குறைவு. எங்கள் வேனில் சொலினோயிட் ‘டிக்’ என்றது. குழாயில் குமிழியும் இல்லை.

ஹீட்டர் மறைத்து வைக்கும் குறை

“சூட்டில் ஹீட்டர் தேவையில்லையே, பிறகு எப்படி ஹீட்டர் காரணமாகும்?” என்று கேட்பீர்கள். நல்ல எஞ்சினுக்குத் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் வால்வும் ரிங்கும் தேய்ந்து அமுக்கம் குறைந்த எஞ்சின், காலையில் ஹீட்டரின் தயவில்தான் எடுக்கிறது. சூடானதும் ஹீட்டர் தானாக அணைந்துவிடுகிறது. எஞ்சினுக்கு அந்தத் தாங்கல் போய்விடுகிறது.

இதைப் பிடிக்க நேரான வழி இருக்கிறது. சூட்டில் எடுக்காத நேரத்தில், வயரிங் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஹீட்டர் பிளக்குக்குச் சில நொடி நேரடியாகக் கரண்ட் கொடுத்துப் பாருங்கள். உடனே எடுத்தால் டீசல் வருகிறது, ஆனால் எரியப் போதுமான சூடு இல்லை என்று அர்த்தம். அப்போது கொம்ப்ரஷன் பார்க்க வேண்டும். வால்வு இடைவெளி இறுகியிருக்கிறதா, நொஸில் தூவாமல் ஒழுகுகிறதா, பம்ப் டைமிங் விலகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட வேனில் வெள்ளைப் புகை நிறைய வரும். உயரத்தில் இருக்கும் ஹேவாஹெட்டப் பக்கத்தில் காற்றும் கண்டியைவிடக் கொஞ்சம் மெலிவு என்பதால், எல்லையில் இருக்கும் எஞ்சின் இங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

பம்பும் ஈரத் துணியும்

மிச்சமிருந்தது டீசல் பம்ப். நானா முன் சீற்றைத் தூக்கினார். சாக்குத் துணியைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, பம்பின் பின்பக்கத் தலையில், நாலு இரும்புக் குழாய்களும் புறப்படும் இடத்தில் சுற்றி வைத்தார். துணி சூடேற, மறுபடி நனைத்துச் சுற்றினார். கொஞ்ச நேரம் போனது. பிறகு என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். அதுவரை துளி புகையும் விடாத எஞ்சின் உடனே பிடித்தது.

“எஞ்சின் இன்னும் சுட்டுக்கிட்டுத்தான் இருக்கு. ஆறினது பம்ப் மட்டும்தான். இனி சந்தேகப்பட ஒன்னுமில்ல,” என்றார்.

இதற்குள் என்ன நடக்கிறது என்று விளங்கிக்கொண்டால் பயம் போய்விடும். பழைய ஜப்பான் டீசல்களில் பெரும்பாலும் இருப்பது சுழலும் வகைப் பம்ப். பொஷ் நிறுவனம் வடிவமைத்த மாதிரியை, அனுமதி பெற்று ஜப்பானில் நிப்பொன்டென்சோவும் டீசல் கிக்கியும் செய்தன. ஒரே ஒரு பிளஞ்சர் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே சுழன்று, நாலு சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிட்டுக் கொடுக்கும். அந்தப் பிளஞ்சருக்கும் அது ஓடும் துளைக்கும் இடையே சீல் கிடையாது. மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்குதான் இடைவெளி. அந்த நுண்மைதான் சீல்.

வருடக்கணக்கில் ஓடி அந்த இடைவெளி கொஞ்சம் அகன்றுவிட்டால் என்ன ஆகும்? குளிர்ந்த டீசல் தடிப்பு. அந்த வழியால் அதிகம் கசியாது. மார்கழிக் குளிரில் போத்தலுக்குள் உறைந்து விழ மறுக்கும் தேங்காய் எண்ணெய், அடுப்புப் பக்கம் வைத்தால் தண்ணீராய் ஓடுவதை நம் வீட்டு ஆட்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். டீசல் உறையாவிட்டாலும் இளகும் விதம் அதுதான். 40 பாகையில் இருக்கும் பிசுக்குத் தன்மை 80 பாகையில் ஏறக்குறைய பாதியாகிவிடும். நொஸில் திறக்க இந்த வகை எஞ்சினில் 150 பார் அளவுக்கு அழுத்தம் வேண்டும். தேய்ந்த இடைவெளியால் இளகிய டீசல் பின்னால் நழுவிவிடுவதால் அந்த அழுத்தம் ஏறுவதே இல்லை. நொஸில் திறக்காது. புகை வராததன் காரணம் இதுதான்.

“அப்படியானால் ஓடும்போது மட்டும் எப்படி நன்றாக ஓடுகிறது?” என்று நான் கேட்டேன். பதில் வேகத்தில் இருக்கிறது. செல்ஃபில் சுற்றும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 200 சுற்று அளவில் இருக்கும். பம்ப் அதில் பாதி, 100 சுற்று. எஞ்சின் எடுத்து ஐட்லிங்கில் ஓடும்போது 800 சுற்று, பம்ப் 400. அப்போது ஒவ்வொரு தள்ளலும் நாலில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடுகிறது. கசிய நேரமில்லை. ஆகவே ஏற்றத்தில் இழுவை குறையாது, புகை கூடாது, டீசலும் பெரிதாக அதிகம் குடிக்காது. ஸ்டார்ட் எடுக்கும் அந்த மெதுவான சில நொடிகளில் மட்டும் பம்ப் தோற்றுப்போகும். இதனால்தான் பம்பை யாரும் சந்தேகப்படுவதில்லை. நன்றாக ஓடும் வேனில் பம்ப் பழுது என்று சொன்னால் நம்புவதற்கு மனம் வராது.

தள்ளிவிட்டால் எடுப்பதும் இதே காரணத்தால்தான். செல்ஃபைவிட வேகமாகச் சுற்றுகிறது, அழுத்தம் ஏறுகிறது, பிடிக்கிறது.

ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். சுட்டுக்கிடக்கும் பம்பின் மேல் வாளியோடு பச்சைத் தண்ணீரை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். வெளி உலோகம் சட்டென்று சுருங்கி, அந்த நுண்ணிய இடைவெளி இறுகி, பிளஞ்சர் உள்ளே பிடித்துக்கொள்ளும். தேய்ந்த பம்ப் உடைந்த பம்பாகிவிடும். பிழிந்த ஈரத் துணியும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

ரிப்பேர் எப்படி

பம்பைக் கழற்றிக் கண்டியில் உள்ள டீசல் பம்ப் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனோம். மாற்ற வேண்டியது முழுப் பம்பையல்ல; பிளஞ்சரும் அது ஓடும் தலையும் சேர்ந்த ஹெட் மட்டும்தான், கூடவே சீல் செட். ஹெட்டின் மேலே 4/10ஆர் மாதிரி ஒரு எழுத்து இருக்கும். 4 என்பது சிலிண்டர் எண்ணிக்கை, 10 என்பது பிளஞ்சரின் விட்டம் மில்லிமீற்றரில், ஆர் என்பது வலப்பக்கச் சுழற்சி. இது பொருந்தாத ஹெட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. பம்பின் தகட்டில் உள்ள இலக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட் மாற்றிய பிறகு பம்ப் டெஸ்ட் பெஞ்சில் ஏற வேண்டும். ஸ்டார்ட் வேகத்தில் எவ்வளவு டீசல் தள்ளுகிறது, முழு வேகத்தில் எவ்வளவு, நாலு வழிக்கும் சமமாகப் போகிறதா என்று அங்கேதான் அளப்பார்கள். பெஞ்ச் இல்லாத இடத்தில் ஹெட் மாற்றினால் புதுச் சாமானில் பழைய தொல்லை வரும். திரும்ப ஏற்றும்போது டைமிங் குறியைச் சரியாக வைப்பதும் முக்கியம். எங்கள் வேன் அதற்குப் பிறகு குளிரிலும் சூட்டிலும் ஒரேபோல எடுக்கிறது.

கையில் பணம் சேரும்வரை சமாளிக்க வேண்டியவர்களுக்கு ஒரு யோசனை. பம்ப் தேவைக்கு மேல் வாங்கும் டீசலைத் தாங்கிக்குத் திருப்பி அனுப்பும். அது சூட்டோடு போகும். தாங்கியில் டீசல் குறைவாக இருந்தால் எல்லாம் சீக்கிரம் சூடேறும். ஆகவே அரைத் தாங்கிக்குக் கீழே விடாதீர்கள். நிறுத்தும் இடங்களில் சீற்றைத் தூக்கி வைத்துச் சூட்டை வெளியே விடுங்கள். நல்ல பற்றரியும் சுத்தமான ஏர்த்தும் சுற்று வேகத்தைக் கூட்டும். தேய்ந்த பம்புக்கு அந்த வேகம்தான் உதவி.

செய்யக் கூடாதவை

ஸ்டார்டிங் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். அதில் இருப்பது ஈதர். ஹீட்டர் பிளக் உள்ள டீசலில் அது நேரத்துக்கு முன்பே வெடித்து ரிங்கையும் பிஸ்டனையும் உடைக்கும்.

இறக்கத்தில் உருட்டி எடுப்பது நம் ரோட்டில் பழகிப்போன விஷயம். மேட்டில் நிறுத்தி வைத்து, கிளச்சை விட்டு எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் எஞ்சின் ஓடாத வேனில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இல்லை. இரண்டு மூன்று முறை மிதித்தால் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் இறுகும். ஒருபக்கம் மலை, ஒருபக்கம் பள்ளம் உள்ள ஹேவாஹெட்ட வளைவுகளில், வேன் நிறையப் பிள்ளைகளோடு இதைச் செய்யவே கூடாது.

இன்னொன்று, எஞ்சினை நிறுத்தாமலே விடுவது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துர நம் பக்கத்து மலைதான். அன்று தொடங்கிய வேலையில் இன்றும் கொழுந்து லொறிகள் ஒவ்வொரு நிறுவை இடத்திலும் நின்று நின்றுதான் போகின்றன. நிறுத்தினால் எடுக்காது என்று பயந்து, கொழுந்து நிறுத்து ஏற்றும் நேரம் முழுக்க எஞ்சினை ஓடவிடும் டிரைவர்கள் உண்டு. அப்படி வீணாகும் டீசல் மாதக்கணக்கில் சேர்ந்தால் ரிப்பேர் செலவுக்கு ஒரு கை கொடுத்திருக்கும். அந்தப் புகையை மூச்சில் இழுப்பது பக்கத்தில் கூடையோடு வரிசையில் நிற்கும் பெண்கள்.

பம்ப் ஏன் தேய்கிறது

இந்த வகைப் பம்புக்குத் தனியாக எண்ணெய் ஊற்றும் இடம் கிடையாது. உள்ளே ஓடும் டீசலேதான் அதற்கு வழுக்கு எண்ணெய். டீசல் கெட்டால் பம்ப் கெடும். 2022 ஜூன் கடைசியில் ஓட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனது. மண்ணெண்ணெயோ அந்த ஓகஸ்ட்டில் 340 ரூபாவாகும்வரை 87 ரூபாவுக்கு இருந்தது. அந்த வித்தியாசத்தைப் பார்த்துக் கலந்து ஓட்டியவர்கள் இருந்தார்கள்; கலந்தது தெரியாமலே கானில் வாங்கி ஊற்றியவர்களும் இருந்தார்கள். வரிசையில் நாள்கணக்கில் நின்ற காலம் அது, யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மண்ணெண்ணெய் டீசலைவிட இளகியது, வழுக்கும் தன்மை குறைந்தது. அதைக் குடித்த பம்ப் வேகமாகத் தேயும். பீப்பாயிலும் கானிலும் சேர்த்து வைத்த டீசலில் இறங்கும் தண்ணீர் இன்னும் கொடியது.

பில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள். அதன் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை அவ்வப்போது இறக்குங்கள். இரண்டும் சில்லறைச் செலவு. பம்பின் ஆயுள் இவற்றில்தான் இருக்கிறது.

புது வகை டீசல் வைத்திருப்பவர்களுக்கு

கேடிஎச் வேன், புதிய பிக்கப் மாதிரியான கொமன் ரெயில் வாகனங்களிலும் இதே தொல்லை வரும். காரணம் வேறு இடத்தில் இருக்கும். அங்கே ரெயிலில் அழுத்தம் ஒரு அளவுக்கு ஏறாவிட்டால் கணினி இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது. தேய்ந்த இன்ஜெக்டர், சூட்டில் இளகிய டீசலைத் திரும்புகுழாய் வழியாக அள்ளி விட்டுவிடும். நாலு இன்ஜெக்டரின் திரும்புகுழாயிலும் நாலு சின்னப் போத்தலைக் கட்டிச் சுற்றிப் பார்த்தால், எது அதிகம் விடுகிறது என்று கண்ணால் காணலாம். பம்பில் உள்ள அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வையும், சூட்டில் சிக்னல் விட்டுப்போகும் கிராங்க் சென்சரையும் ஸ்கேனரில் பார்க்க வேண்டும். சுற்றும்போது ஸ்கேனர் எஞ்சின் வேகத்தைப் பூச்சியம் என்று காட்டினால் சென்சர். வேகம் காட்டி ரெயில் அழுத்தம் ஏறாவிட்டால் டீசல் பக்கம். வாகனம் புதிதானாலும் கேள்வி அதேதான்: சூடு எதை மாற்றியது?

கராஜுக்குப் போகும்போது

இந்தக் குறையில் பெரிய சிக்கல், கராஜுக்குப் போய், முறை வரும்வரை காத்திருக்கும்போது வேன் ஆறிவிடுவதுதான். மெக்கானிக் சாவியைத் திருப்பினால் உடனே எடுக்கும். அவர் ஊகத்தில்தான் சாமான் மாற்ற வேண்டியிருக்கும். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? குறையைக் கண்ணால் பார்த்தவர் வேன்காரர் ஒருவர்தான்.

ஆகவே “ஸ்டார்ட் வருதில்ல” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். குளிரில் எப்படி எடுக்கிறது, நிறுத்தி எவ்வளவு நேரத்தில் மறுக்கிறது, எவ்வளவு ஆறினால் திரும்ப எடுக்கிறது, செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறதா மெதுவாகவா, புகை வருகிறதா இல்லையா, வந்தால் என்ன நிறம், சொலினோயிட் சத்தம் கேட்டதா, தாங்கியில் எவ்வளவு டீசல் இருந்தது என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். வேனை நன்றாக ஓட்டி, சூட்டோடு கொண்டுபோங்கள். உங்கள் கண்முன்னே, அந்தச் சூட்டிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். சோதித்துக் காட்டிய பிறகுதான் எந்தச் சாமானுக்கும் பணம் கொடுங்கள்; அதற்கு முன் ஒரு சதமும் வேண்டாம்.